மறுமொழி: 'ஈக்விட்டி'க்குத் தமிழ்ச் சொல்: நிகராக்கம் சரியாக வருமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். 'ஈக்விட்டி'க்கு என்ன தமிழ்ச் சொல் என்ற கேள்வியைத் தொடங்கியவள் நான்தான் என்பதால், இந்தச் சொல் எனக்கு ஏன் தேவைப்படுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிட்டு என் பரிந்துரையையும் வைக்கிறேன்.

நான் சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. புதிதாகச் சேருகிறவர்களுக்கு எங்கள் துறை தரும் கையேட்டைத் தமிழில் எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. அதில் டைவர்சிட்டி, ஈக்விட்டி, இன்க்ளூஷன் மூன்றையும் விளக்கும் பகுதி ஒன்று உண்டு. பழைய கையேட்டில் இவற்றைப் பன்முகத்தன்மை, சமத்துவம், உள்ளடக்கம் என்று போட்டிருக்கிறார்கள். நடுவில் உள்ளதுதான் என்னை உறுத்துகிறது. ஈக்வாலிட்டிக்கும் சமத்துவம், ஈக்விட்டிக்கும் சமத்துவம் என்றால் அந்தப் பகுதியை எழுதவே முடியாது. எல்லாருக்கும் ஒரே மாதிரி தருவது ஈக்வாலிட்டி, அவரவர் தேவைக்கு ஏற்பத் தருவது ஈக்விட்டி. இரண்டும் வேறு என்று சொல்லத்தானே அந்தப் பகுதியே இருக்கிறது.

போன பருவத் தேர்வில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் வகுப்பில் பார்வையற்ற தோழி ஒருத்தி படிக்கிறாள். அவள் சொல்லச் சொல்ல எழுத ஒருவர் உடன் வருவார். இப்படித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். அதாவது மூன்று மணி நேரத் தேர்வு என்றால் அவளுக்கு நான்கு மணி நேரம். மணி அடித்ததும் மேற்பார்வையாளர் நேராக அவளிடம் வந்து விடைத்தாளைக் கேட்டார். "எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள், ஒரே நேரம். உனக்கு மட்டும் சலுகை கொடுத்தால் மற்றவர்கள் என்னைக் கேட்க மாட்டார்களா?" என்றார். அவள் பையில் எப்போதும் வைத்திருக்கும் சுற்றறிக்கை நகலை எடுத்துக் காட்டினாள். அவர் அதை வாங்கிப் படித்து, இன்னொருவரைக் கூப்பிட்டுக் கேட்டு, கடைசியில் சரி என்றார். அதற்குள் அவளுக்குக் கிடைத்த கூடுதல் நேரத்தில் ஒரு பகுதி போய்விட்டது.

அவர் கெட்டவர் இல்லை. சமத்துவம் என்று தமக்குத் தெரிந்ததைக் காப்பாற்றத்தான் முயன்றார். அதற்கு மாறாக இருந்ததைக் குறிக்க அவருக்குக் கிடைத்த ஒரே சொல் சலுகை. என் கவலையே இதுதான். ஈக்விட்டிக்கு நம்மிடம் ஒரு சொல் புழங்காதவரை அந்த இடத்தில் சலுகைதான் உட்கார்ந்திருக்கும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீட்டில் வந்தவர்களையும், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்குகிற மாணவிகளையும், சக்கர நாற்காலியில் வருகிறவருக்காக வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றியதையும் எங்கள் வளாகத்தில் எல்லாரும் சலுகை என்றே சொல்கிறார்கள். கொடுப்பவர் மனது வைத்தால் கிடைக்கும், வைக்காவிட்டால் கிடைக்காது என்பதுதான் சலுகை. 2016 சட்டத்தின் பெயரிலேயே மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் என்று இருக்கிறது. அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களின் இடங்களில் குறைந்தது 5 விழுக்காடு அவர்களுக்கு என்று அது சொல்வது யாருடைய மனத்தையும் பொறுத்தது அன்று.

இனி, இந்த இழையில் வந்த சொற்கள்.

ஒப்புரவு. அதிகம் பேர் ஆதரித்தது இதைத்தான். ஓசையும் நன்றாக இருக்கிறது, பழமையும் இருக்கிறது. ஆனால் எனக்கு இரண்டு தடைகள். ஒன்று, கிறித்தவர்களிடையே இது வேறு பொருளில் உயிரோடு இருக்கிறது. கத்தோலிக்கத் தோழி ஒருத்தியிடம் 'ஒப்புரவுக் குழு' என்றேன். பாவமன்னிப்பு வழங்கும் ஒப்புரவு அருட்சாதனம்தான் அவள் நினைவுக்கு வந்தது. இரண்டாவது தடை இதைவிடப் பெரியது. குறளின் ஒப்புரவறிதல் அதிகாரம் பெரிதும் பேசுவது செல்வம் உடையவரைப் பற்றி. ஊருணி, பயன்மரம், மருந்து மரம் என்று அவருடைய செல்வம் ஊருக்கு ஆகும் விதத்தைச் சொல்கிறது. அது மிக உயர்ந்த அறம். ஆனால் அங்கே மையத்தில் இருப்பவர் கொடுப்பவர். தேர்வறையில் என் தோழி யாருடைய கொடையையும் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை. ஒப்புரவைப் போட்டால் சலுகையை இன்னும் அழகான பெயரில் திரும்பக் கூட்டி வந்ததாகிவிடும் என்று அஞ்சுகிறேன்.

நடுநிலை, சமநீதி இரண்டும் வேறுபாடு பார்க்காமையைத்தான் முதலில் நினைவுபடுத்துகின்றன. அந்த மேற்பார்வையாளர் நடுநிலையாகத்தான் நடந்துகொண்டார்!

ஈடுநீதி எனக்கு முதலில் பிடித்திருந்தது. 'ஈடுசெய்' என்பது எல்லாருக்கும் தெரிந்த வினை. ஆனால் இதில் குறை யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி வருகிறது. வேலிக்குப் பின்னால் மூன்று பேர் பெட்டிகளின்மேல் நின்று ஆட்டம் பார்க்கும் படத்தைப் பலரும் வகுப்பில் பார்த்திருப்பீர்கள். அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் 2012 இல் உருவாக்கியது. குட்டைப் பையனுக்கு இரண்டு பெட்டி கொடுத்தால் அது ஈக்விட்டி என்று விளக்குவார்கள். அந்தப் படத்தில் குறை பையனின் உயரத்தில் இருக்கிறது. நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகப் படிக்க விடாமல் வைக்கப்பட்டவரின் பேத்தி கல்லூரிக்கு வருகிறாள் என்றால், அவளிடம் என்ன குறை? ஈடு என்ற சொல் கேட்பவரின் கண்ணை அவள் பக்கமே திருப்புகிறது.

"சமூகநீதி என்று சொல்லிவிட்டுப் போங்களேன், அதைவிடவா தெரிந்த சொல் வேண்டும்?" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். டைவர்சிட்டி, ஈக்விட்டி, இன்க்ளூஷன் மூன்றையும் சேர்த்துக் குறிக்கும் தலைப்பாக அதை நானும் மனமார ஏற்கிறேன். கையேட்டில் அப்படியே வைக்கப் போகிறேன். ஆனால் அது ஒரு சமூகமே கேட்கும் பெரிய கோரிக்கை. ஒரு தேர்வறையில், ஒரு விடுதியில், ஒரு ஆய்வகத்தில் இன்னார் இன்னதைச் செய்ய வேண்டும் என்று சுட்டுவதற்கு இன்னொரு சின்னச் சொல் வேண்டியிருக்கிறது.

இன்னொரு மடலில், இந்த மூன்று சொற்களையும் உலகத்துக்குக் கொடுத்த அமெரிக்காவிலேயே 2023 இல் உச்ச நீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்வதைத் தடுத்துவிட்டது, 2025 ஜனவரியில் அதிபர் ஆணையிட்டுக் கூட்டரசு அலுவலகங்களில் இந்தத் திட்டங்களை நிறுத்தச் சொல்லிவிட்டார், இப்போது போய் நாம் ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். டி.இ.ஐ. என்ற சுருக்கப் பெயர் அங்கிருந்து வந்திருக்கலாம், பொருள் அங்கிருந்து வரவில்லை. அரசு வேலைகளைச் சமூகவாரியாகப் பகிர்ந்தளிக்கச் சொன்ன சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை வந்தது 1921 இல். பின்னால் கல்லூரி இடங்களுக்கும் விரிந்த அந்த ஏற்பாடு செல்லாது என்று 1951 இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டில் அரசியலமைப்பின் முதல் திருத்தத்தில், பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய இடம் தரும் 15(4) பிரிவு வந்துவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 ஒழுங்குமுறைகளின் தலைப்பிலும் ஈக்விட்டி இருக்கிறது. அமெரிக்காவில் அந்தப் பெயர் போனாலும் எங்கள் கல்லூரியில் அந்தக் கடமை இருக்கத்தான் போகிறது.

சரி, என் பரிந்துரை: ஈக்விட்டிக்கு நிகராக்கம்.

சமத்துவம் என்பது ஒரு நிலை. நிகராக்கம் அந்த நிலைக்குக் கொண்டுபோகும் செயல். இதில் 'ஆக்கு' என்ற பிறவினை ஒளிந்திருக்கிறது. பிறவினை என்றால் செய்விக்கும் ஒருவர் இருந்தாக வேண்டும். 'யார் ஆக்க வேண்டும்?' என்ற கேள்வி சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. கல்லூரி ஆக்க வேண்டும், துறை ஆக்க வேண்டும், தேர்வறையில் இருப்பவர் ஆக்க வேண்டும். தமிழாக்கம், நவீனமயமாக்கம் என்று ஆக்கம் சேர்ந்த சொற்கள் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் வாயில் நுழையாத சொல்லும் இல்லை. 'கூடுதல் நேரம் சலுகை அன்று, நிகராக்கம்' என்று எழுதிப் பார்த்தேன், நின்றது. நிகராக்கக் குழு, நிகராக்க அலுவலர் என்றும் வருகிறது. பங்குச் சந்தையின் ஈக்விட்டியை இதில் இழுக்க வேண்டாம். அவர்களுக்குப் பங்கு இருக்கிறது.

இன்க்ளூஷனுக்கு எனக்கு நேர்மாறான தேவை. அங்கே தன்வினை வேண்டும். உட்சேர்ப்பு, உள்ளடக்கம், உள்வாங்கல் எல்லாவற்றிலும் வேறு யாரோ எடுத்து உள்ளே வைக்கிறார்கள். உள்ளடக்கத்தில் 'அடக்கு' வேறு இருக்கிறது. இலங்கையில் உட்படுத்தல் கல்வி என்கிறார்கள். நம் பக்கம் உட்படுத்து என்றாலே சோதனைக்கு, விசாரணைக்கு என்றுதான் வரும். தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த தம்பி ஒருவன் கருத்தரங்கில் தமிழில் பேசலாமா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டான். அவனைக் கல்லூரி எப்போதோ உள்ளே சேர்த்துவிட்டது. அவன் இன்னும் இணையவில்லை. அதனால்தான் உள்ளிணைவு என்கிறேன். இணைப்பு வேண்டாம், இணைவு. பள்ளிக் கல்வியில் நிலைத்துவிட்ட 'உள்ளடக்கிய கல்வி' அப்படியே இருக்கட்டும், அதை இப்போது கலைக்க வேண்டியதில்லை.

டைவர்சிட்டிக்குப் பல்வகைமை போதும். பன்முகத்தன்மை ஒருவருக்கே பல முகம் இருப்பதைத்தான் எனக்குச் சொல்கிறது.

புதுச்சொல் எடுபடாது என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று. திருநங்கை, மாற்றுத்திறனாளி இரண்டும் நம் கண் முன்னால் ஊருக்குள் வந்து, பழைய வசைச் சொற்களைப் பெருமளவு பின்னுக்குத் தள்ளியவை. பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மையினருக்கான சொற்பட்டியலைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைகளை அடுத்து 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அரசிதழிலேயே வெளியிட்டது. அதில் நான் மதிப்பது, அந்தச் சொற்களால் அழைக்கப்படப் போகிறவர்களின் கருத்தும் கேட்கப்பட்டது என்பதை. நானும் அப்படியே, வரைவை முதலில் பார்வையற்ற அந்தத் தோழியிடம் படித்துக் காட்டினேன். "நிகராக்கம் சரி. ஆனால் அந்தச் சொல்லோடு இத்தனை நிமிடம் என்பதையும் சேர்த்து அச்சடி" என்றாள். சேர்த்துவிட்டேன்.

ஒரு சிக்கல் பாக்கி. எதிர்ச்சொல்லாக நிகரின்மை என்று போட்டால், நிகரில்லாதவர் என்று புகழ்வதுபோல் ஆகிவிடுகிறது. ஏற்றத்தாழ்வு என்றே வைக்கலாமா? ஆனால் அது ஈக்வாலிட்டியின் எதிர்ச்சொல்லாகவும் ஓடுகிறது. நிகர்கேடு என்று ஒன்று தோன்றுகிறது, எனக்கே முழு நிறைவு இல்லை. கையேடு இந்த மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. நிகராக்கத்துக்கு மறுப்பு இருப்பவர்கள் மாற்றுச் சொல்லோடும் ஒரு முழு வாக்கியத்தோடும் எழுதுங்கள். இந்த எதிர்ச்சொல்லுக்கு மட்டும் எல்லாரும் கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சமூகப்பணி மாணவி