36 படமா, 36,000 படமா? பேரப்பிள்ளைகள் கையில் எது மிஞ்சும்?

நெகட்டிவ்:
இருபது வருடம் போட்டோ லேபில் ஃபிலிம் ரோல் கழுவி பிரிண்ட் போட்டவன் நான், அதனால் கொஞ்சம் ஒருபக்கமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு ரோலில் 36 படம். கவனமாக ஏற்றினால் இன்னும் ஒன்றிரண்டு கிடைக்கும். அந்த 36-ஐ ஒரு வருடம் வைத்திருந்து எடுத்த குடும்பங்கள் உண்டு. ரோலின் தொடக்கத்தில் தவழ்கிற குழந்தை கடைசி ஃபிரேமில் எழுந்து நிற்கும். பிரிண்ட் கைக்கு வந்ததும் வீட்டுக்குப் போகும்வரை பொறுக்க மாட்டார்கள், கவுண்டரிலேயே நின்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள்.

இப்போது என் மகனின் மொபைலில் 30 ஆயிரத்துக்கு மேல் படம் இருக்கிறது. பேத்தி முதன்முதலில் நடந்த படத்தைக் காட்டச் சொன்னேன். கால் மணி நேரம் விரலால் தள்ளிக்கொண்டே இருந்தான். பில், ஸ்கிரீன்ஷாட், வண்டி நிறுத்திய இடத்தின் எண், ஒரே முகம் பதினாறு தடவை. அது மட்டும் கிடைக்கவில்லை. "அப்புறம் அனுப்புகிறேன் அப்பா" என்றான், இன்னும் வரவில்லை. நம் பேரப்பிள்ளைகளிடம் நம் தாத்தா பாட்டி படம் இருக்கும், நம் படம் இருக்காது. இல்லை என்பவர்கள் சொல்லுங்கள்.

மின்மினி:
இல்லை என்றுதான் சொல்ல வந்தேன் ஐயா. அந்த 36-இல் யார் யார் இருந்தார்கள் என்று யோசித்தீர்களா? கல்யாணத்துக்கு முன்பு என் அம்மாவை எடுத்த படம் மொத்தமே இரண்டு. ஒன்று பள்ளிக்கூட குரூப் போட்டோ, அதில் முன்வரிசைப் பெண்ணின் தலை அம்மாவின் பாதி முகத்தை மறைக்கிறது. இன்னொன்று ஏதோ அட்டைக்காக எடுத்தது, அதில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அப்பாவோ எப்போதும் கேமராவுக்குப் பின்னால். ஆல்பம் முழுக்கப் புரட்டினாலும் ஒரே ஒரு படத்தில், என் காலடியில், அவருடைய நிழல் விழுந்திருக்கிறது, தோள், தூக்கிய முழங்கை, அவ்வளவுதான். அவர் போய்ப் பல வருடம் ஆகிறது. அவர் குரல் எப்படி இருக்கும் என்று என் பிள்ளைகள் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என்னைத் திட்டுகிற 12 விநாடி வீடியோ என்னிடம் இருக்கிறது. அது உங்கள் ரோலில் விழுந்திருக்காது, அதற்குப் போய் யாரும் ஒரு ஃபிரேமைச் செலவழித்திருக்க மாட்டார்கள்.

கோப்புக்காரன்:
கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்கிலிருந்து படங்களை மீட்கிற வேலை என்னுடையது. சகோதரி சொல்வது மனதைத் தொடுகிறது, ஆனால் ஐயாவின் பயம் வீண் பயம் இல்லை. 1975-இல் கோடாக் கம்பெனியில் ஸ்டீவன் சாசன் என்ற பொறியாளர் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தபோது ஒரு படம் கேசட்டில் பதிய 23 விநாடி ஆனது. அந்த மாதிரி கேசட்டை இன்று யார் வீட்டில் போட்டுப் பார்க்க முடியும்? அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஒரு காலத்தில் ஃபைல் சேமித்த 1.44 எம்பி ஃபிளாப்பி டிஸ்க்கை நுழைக்க உங்கள் கம்ப்யூட்டரில் இடம் இருக்கிறதா? பிரிண்டைப் பார்க்கக் கண் இருந்தால் போதும். ஃபைலுக்கு மெஷின் வேண்டும், மென்பொருள் வேண்டும், பாஸ்வேர்டும் வேண்டும்.

அந்தப் பாஸ்வேர்டில்தான் நிறைய பேர் மாட்டுகிறார்கள். ஒரு பெண் இறந்துபோன தன் தந்தையின் மொபைலைக் கொண்டுவந்தார். பூட்டுத் திரையில் அந்தப் பெண்ணின் சின்ன வயதுப் படம் தெரிகிறது, உள்ளே போக வழியில்லை. இப்போதைய மொபைல்களில் எல்லாமே குறியாக்கத்தோடு, அதாவது பூட்டைத் திறக்காமல் படிக்க முடியாதபடி, இருப்பதால் சிப்பைக் கழற்றினாலும் பயனில்லை. திருப்பிக் கொடுத்தேன். அவர் அந்தத் திரையை அணையவிடாமல் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார்.

கிளவுடில் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்களும் கவனியுங்கள், இரண்டு வருடம் யாரும் தொடாத தனிநபர் கணக்கை அழிக்கலாம் என்று கூகுள் 2023-இல் விதி கொண்டுவந்தது.

மின்மினி:
சரி, பாஸ்வேர்டு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காகிதம் மட்டும் காலத்துக்கும் நிற்குமா அண்ணா? கறுப்பு வெள்ளையில் இருப்பது வெள்ளி, அது தாங்கும். கலர் பிரிண்டில் இருப்பது சாயம். 70-களில் எடுத்த கலர் படங்கள் எத்தனை வீட்டில் செக்கச் சிவந்துபோய்க் கிடக்கின்றன! ஒட்டும் பசைப் பக்க ஆல்பத்தில் வைத்தவர்கள் இன்று படத்தை உரித்து எடுக்க முடியாமல் தவிக்கிறார்கள். ஒரு வெள்ளம் வந்தால் மொத்தமும் போச்சு. என் வீடியோ நாலு பேர் மொபைலில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1997 ஜூன் 11 அன்று பிலிப் கான் என்பவர் பிரசவ ஆஸ்பத்திரியில் இருந்தபடியே கேமராவையும் மொபைலையும் லேப்டாப்பையும் கோத்து, அப்போதுதான் பிறந்த மகளின் படத்தை உற்றார் நண்பர்கள் 2,000 பேருக்கு மேல் அனுப்பினார். மொபைல் வழியாகப் படம் பகிர்வது தொடங்கியதே, ஒரு அப்பா தன் குழந்தையை எல்லோருக்கும் காட்ட ஆசைப்பட்டதால்தான். இந்தத் தலைமுறைக்குப் படத்தின் அருமை தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நெகட்டிவ்:
அம்மா, உங்கள் அப்பாவின் நிழல் என்னைத் தூங்க விடவில்லை. எத்தனை ஆயிரம் ரோல் கழுவியிருப்பேன், எடுத்தவர் யார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. குரலைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை, அங்கே நான் தோற்றுவிட்டேன்.

ஆனால் அந்த 12 விநாடி உங்களுக்கு உடனே கிடைப்பது, அதை நீங்கள் மறுபடி மறுபடி தேடிப் பார்ப்பதால்தான். நீங்கள் இல்லாத காலத்தில் 30 ஆயிரத்துக்குள் அது எங்கே இருக்கிறது என்று யார் சொல்வார்கள்? ஆல்பத்தில் ஒரு படம் இருக்கிறது என்றால் யாரோ உட்கார்ந்து இது வேண்டும், இது வேண்டாம் என்று பார்த்து ஒட்டியிருக்கிறார்கள். இன்று அந்த வேலையை யாரும் செய்வதில்லை, நாளை பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போகிறோம். மொபைல் முகத்தை அடையாளம் கண்டு தானே பிரித்துக் கொடுக்கும் என்பார்கள். கொடுக்கும்தான், எது நமக்கு உயிர் என்று அதற்குத் தெரியாது.

மின்மினி:
வருடத்துக்கு 36 படத்தைத் தேர்ந்தெடுத்துப் பிரிண்ட் போடச் சொல்கிறீர்கள், அப்படித்தானே? போடுகிறேன். மற்றதை அழிக்க மாட்டேன். என் மகளுக்கு எது பிடிக்கும் என்று இன்றே நான் முடிவு செய்துவிட்டால், நானும் அவளுக்கு ஒரு நிழலை மட்டும் விட்டுப்போன மாதிரி ஆகிவிடும்.

கோப்புக்காரன்:
பிரிண்ட் போடுங்கள், அதோடு இரண்டு தனித்தனி டிஸ்க்கில் எடுத்து ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். பாஸ்வேர்டை நம்பிக்கையான ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள்.

பரண்:
நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். இதைப் படித்துவிட்டு மேலே ஏறிப் பாட்டியின் தகரப் பெட்டியைத் திறந்தேன். நிறைய நெகட்டிவ், சிலது வளைந்து புளித்த வாடை அடிக்கிறது. தூக்கிப் போடலாமா?

நெகட்டிவ்:
போடாதீர்கள்! அது அசிடேட் என்கிற பிளாஸ்டிக்கில் செய்த பிலிம் சிதைகிற வாடை, வினிகர் மாதிரிதான் இருக்கும். அந்த ஆவி பக்கத்தில் இருக்கிற நல்லதையும் கெடுக்கும், அதனால் வாடை அடிப்பதை இன்றே வேறு பெட்டிக்கு மாற்றுங்கள். வளைந்ததை அழுத்தி நிமிர்த்தப் பார்க்காதீர்கள். ஓரத்தை மட்டும் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள், முகம் தெரிகிறதா? தெரிந்தால் சீக்கிரம் ஸ்கேன் செய்துவிடலாம். அதற்கு முன்னால் யார் யார் என்று சொல்லக்கூடியவர் வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.