ரீலுக்குக் குறை, லைனுக்குக் கூட்டு

குழு: ஆச்சி வீட்டுப் பிள்ளைகள்

சனிக்கிழமை

நான் (காலை 8:04): ஸ்காட்லாந்து அண்ணே, எழுந்ததும் பாருங்கள். நீங்கள் போன தடவை கொண்டுவந்து கொடுத்த ஃபிளை ராடுக்கு (பூச்சி கட்டி மீன் பிடிக்கிற தூண்டில்) இன்னும் லைன் சுற்றுகிற ரீல் வாங்கவில்லை. கையில் 9,000 ரூபாய் இருக்கிறது. ரீல், லைன், அடியில் சுற்றுகிற நூல் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும்.

நான்: 📷 மூன்று பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது 1,900, உடம்பு கிராஃபைட். இரண்டாவது 3,600, வார்ப்பு அலுமினியம், லார்ஜ் ஆர்பர், அதாவது நடுத்தண்டு பெருத்தது. மூன்றாவது 7,400, கட்டி அலுமினியத்தில் கடைந்தது, டிராக்குக்குள், அதாவது லைன் ஓடாமல் பிடிக்கிற பிரேக்குக்குள், தண்ணீர் புகாது. எனக்கு மூன்றாவதன் மேல்தான் கண்.

டவுன் சித்தி: காலை வணக்கம் 🌺 எல்லோரும் சாப்பிட்டாச்சா?

அம்பை மாமா: மாப்ளே, ஒரு ரீலுக்கு 7,400 ரூபாயா? என்னிடம் ஸ்பின்னிங் ரீல் ஒன்று சும்மா கிடக்கிறது. வந்து எடுத்துக்கொண்டு போ.

நான்: அது இந்த ராடில் உட்காராது மாமா. இதில் கைப்பிடிக்குப் பின்னால், ராடின் அடியில்தான் ரீல் மாட்ட முடியும். லைனும் வேற.

அம்பை மாமா: லைனில் என்ன வேற? தங்கூஸ்தானே?

நான்: அண்ணன் வரட்டும் மாமா. எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும்.

ஸ்காட்லாந்து அண்ணன் (மதியம் 1:22): வந்துவிட்டேன். மாமா, நம்ம தூண்டிலில் ஈயக்குண்டு பறக்கும், தங்கூஸ் அதன் பின்னால் போகும். இதில் ஈயம் கிடையாது. முள்ளில் இறகும் நூலும் கட்டிய பூச்சி, ஊதினால் பறக்கிற கனம்தான். லைன்தான் எடை. தம்பியின் ராடு 6-ஆம் எண். அதற்கான லைனில் முதல் 30 அடி மட்டும் 160 கிரெயின், அதாவது 10 கிராம் சொச்சம் இருக்கும். ராடு வளைந்து எறிவது அந்த எடையைத்தான். பூச்சி கூடவே போய் விழும்.

அம்பை மாமா: சரி. அப்போ ரீலுக்கு என்ன வேலை?

ஸ்காட்லாந்து அண்ணன்: நல்ல கேள்வி மாமா, இவன் இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். நம்ம குளத்தில் அது லைனைச் சுற்றி வைத்திருக்கும், அவ்வளவுதான். எறிவதற்கு முன் தேவையான லைனைக் கையால் உருவிக் காலடியில் போட்டுக்கொள்கிறோம். எறிந்த பிறகு பூச்சியை இழுப்பதும் இடது கையால்தான். ஜிலேபி கெண்டை மாட்டினாலும் கையாலேயே இழுத்துக் கரையேற்றிவிடலாம். கைப்பிடியைச் சுற்றுகிற வேலையே பெரும்பாலும் வராது.

நான்: அண்ணே, விரால்? அதற்குத்தான் நல்ல டிராக் வேண்டும் என்று நினைத்தேன்.

அம்பை மாமா: விராலை நான் சொல்கிறேன். கவ்வியதும் ஆகாயத்தாமரைக்குள்ளோ அல்லிக் கொடிக்குள்ளோதான் தலையைக் கொடுக்கும். ஒரு முழம் விட்டாலும் போச்சு. முள்ளும் போகும், மீனும் போகும். அதனிடம் விட்டுப் பிடிக்கிற கதையே நடக்காது.

ஸ்காட்லாந்து அண்ணன்: மாமா சொன்னதுதான் விஷயமே. டிராக் என்பது விட்டுப் பிடிப்பதற்கு. ஓடுகிற மீனுக்கு லைனை அளவாக விட்டு, அது களைத்ததும் சுற்றுவது. இங்கே பெரிய ஆற்றில் சால்மன் மாட்டினால் அது வேண்டும். கொடி மண்டிய குளத்தில் விராலுக்கு விட இடமே இல்லை. லைனை ராடோடு சேர்த்து விரலால் அழுத்தி அப்படியே இழுக்கத்தான் வேண்டும். 7,400 ரூபாயில் ஒரு பங்கு அந்த டிராக்குக்குப் போகிறது. நீ அதைத் தொடக்கூடப் போவதில்லை.

நான்: அப்போ டிராக்கே வேண்டாமா?

ஸ்காட்லாந்து அண்ணன்: கொஞ்சம் வேண்டும். லைனை வெடுக்கென்று உருவும்போது ஸ்பூல் (லைன் சுற்றியிருக்கிற உருளை) தன்பாட்டுக்குச் சுற்றினால் உள்ளே சிக்கு விழும். அதைத் தடுக்கிற அளவு போதும். வெறும் கிளிக் சத்தம் போடுகிற ரீல்களே அதைச் செய்யும். ஹார்டி கம்பெனியின் பெர்ஃபெக்ட் ரீல் 1891-இல் வந்தது. தட்டு வைத்து அழுத்துகிற டிஸ்க் டிராக் இல்லாத அந்த மாதிரி ரீல்களை வைத்தே இந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்திருக்கிறார்கள்.

உவரி சித்தப்பா (மதியம் 2:05): குளத்துக்கு அது சரி. இங்கே வந்தால் கதை வேற. கடலில் பாறை மீன் ஒன்று அடித்தால் நிற்காமல் ஓடும். அப்போது ரீல்தான் பேச வேண்டும்.

ஸ்காட்லாந்து அண்ணன்: ஆமாம் சித்தப்பா. உவரிக்கோ புன்னைக்காயல் கழிமுகத்துக்கோ போவதென்றால் சீல் பண்ணிய டிராக் கண்டிப்பாக வேண்டும். உப்பும் மணலும் உள்ளே போனால் ரீல் வீண். ஆனால் அங்கே 6-ஆம் எண் ராடே பத்தாது. 8-ஆம் எண் வேண்டும். அது தனிச் செலவு. இப்போது அதைக் கணக்கில் சேர்த்தால் குளத்துக்கும் உருப்படியாக எதுவும் வாங்க முடியாது.

உவரி சித்தப்பா: சரிதான். குளத்தில் கை பழகட்டும். பிறகு இங்கே வரட்டும்.

நான்: அப்படியென்றால் 1,900 ரூபாய் கிராஃபைட் போதுமா? மிச்சம் நிறைய வரும்.

ஸ்காட்லாந்து அண்ணன்: கிராஃபைட் துருப்பிடிக்காது, எடையும் குறைவு. மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கல் படித்துறையில் ஒரு தடவை கை தவறி விழுந்தால் விளிம்பு தெறித்துவிடும். அழுத்திப் பிடித்தால் ரீலின் வெளிக்கூடு வளைந்து ஸ்பூல் உரசும். அதைவிட, நீ போட்ட படத்தில் ஸ்பூலின் நடுத்தண்டைப் பார். விரல் மொத்தம்கூட இல்லை.

நான்: அதனால் என்ன?

ஸ்காட்லாந்து அண்ணன்: கணக்குப் போட்டுப் பார். சுற்று விட்டம் 3 செ.மீ. என்றால் கைப்பிடியை ஒரு தடவை சுற்ற 9 செ.மீ. சொச்சம் லைன் ஏறும். 7 செ.மீ. என்றால் 22 செ.மீ. ஃபிளை ரீலில் பல்சக்கரம் கிடையாது, ஒரு சுற்றுக்கு ஒரு சுற்றுதான். காலடியில் 10 மீட்டர் லைன் கிடக்கிறது. ஒன்றில் நூறு சுற்றுக்கு மேல், இன்னொன்றில் நாற்பத்தைந்து. பெரிய வட்டம் என்றால் கரை முள்ளில் லைன் சிக்குவதற்குள் ஏற்றிவிடலாம். அதோடு, சின்ன வட்டத்தில் சுற்றிக் கிடந்த லைன் வெளியே வரும்போது சுருள் சுருளாக நிற்கும். எறியவே வராது. லார்ஜ் ஆர்பர் என்பது இதற்காகத்தான். இரண்டாவதை எடு.

டவுன் சித்தி: ஆச்சி உங்கள் பேச்சையெல்லாம் வாசித்துக் காட்டச் சொன்னார்கள். பேசியும் இருக்கிறார்கள்.

டவுன் சித்தி: 🎤 0:41

டவுன் சித்தி: சத்தம் சரியாக விழவில்லை, நானே எழுதுகிறேன். பாபநாசம் படித்துறை மீன் பக்கம் போய்விடாதே, அது சனங்கள் பொரி போட்டுக் கும்பிடுகிற மீன் என்கிறார்கள். விரால் சிவப்புப் பார்ப்போடு (குஞ்சுகளோடு) திரிந்தால் அதையும் தொடக்கூடாதாம்.

நான்: சரி ஆச்சி. இரண்டும் செய்ய மாட்டேன்.

அம்பை மாமா: அம்மா சொல்வது நியாயம். தாயை எடுத்துவிட்டால் அத்தனை பார்ப்பையும் மற்ற மீன் தின்றுவிடும். அப்புறம் எந்தக் குளத்துக்குப் போகப் போகிறாய் மாப்ளே? முண்டந்துறைக் காட்டுக்குள் கால் வைக்காதே, புலிகள் காப்பகம். குளம் என்றால் மீன்பாசி (மீன் பிடிக்கிற உரிமை) குத்தகை எடுத்தவரிடம் கேட்டுவிட்டுத்தான் ராடை விரிக்க வேண்டும்.

நான்: நம்ம ஊர்க் குளம்தான் மாமா. பிடித்ததைத் திரும்ப விட்டுவிடுவேன் என்று சொன்னால் விடுவாரா?

அம்பை மாமா: நான் பேசுகிறேன். ஜிலேபியை மட்டும் திரும்ப விடாதே, அது பெருகி மற்ற மீனுக்கு இடமில்லாமல் ஆக்கிவிடுகிறது. அதைப் பிடித்துக் கொடுத்தால் அவருக்கும் சந்தோஷம்தான்.

ஸ்காட்லாந்து அண்ணன் (மாலை 4:40): இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ரீல் 3,600 போக 5,400 இருக்கிறது. அதில் பெரும்பங்கு லைனுக்கு. கேட்கிறவர்கள் எல்லோரும் ரீலில் பணத்தைக் கொட்டிவிட்டு, கடைசியில் கிடைத்த லைனை வாங்குகிறார்கள். எறிவது லைன். கையில் நாள் முழுக்க ஓடுவதும் அதுதான்.

நான்: நீங்கள் பழைய லைன் ஒன்று தருவதாகச் சொன்னீர்களே?

ஸ்காட்லாந்து அண்ணன்: சொன்னேன். ஆனால் யோசித்துப் பார்த்ததில் அது உனக்கு ஆகாது. அது இங்கே டிரவுட் மீனுக்குப் போடுகிற லைன், குளிர்ந்த தண்ணீருக்குச் செய்வது. உள்நூலும் மேல்பூச்சும் குளிரிலும் விறைக்காதபடி மென்மையாக இருக்கும். பாளையங்கோட்டை சித்திரை வெயிலில் அதை எடுத்தால் ரப்பர் மாதிரி தொய்ந்துவிடும். ராடு வளையங்களில் ஒட்டும், தூரம் போகாது. வெயில் நாட்டுக்கென்று விறைப்பான உள்நூல் வைத்து டிராபிகல் லைன் தனியாக வருகிறது. அட்டையில் அப்படிப் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கு. அதே லைனை நான் இங்கே எடுத்தால் கம்பிச் சுருளாக நிற்கும்.

சிங்கப்பூர் அத்தான் (மாலை 5:15): நான் அடுத்த மாதம் வருகிறேன் மாப்ளே. இங்கே வெயில் லைன்தான் அதிகம் வரும். என்ன எண் என்று சரியாகச் சொல், வாங்கி வருகிறேன்.

ஸ்காட்லாந்து அண்ணன்: WF6F, டிராபிகல். WF என்றால் எடை முன்பக்கம் கூடி இருக்கும், காற்றைக் கிழித்துப் போகும். கடைசி F மிதக்கிற லைன் என்பதற்கு. நன்றி அத்தான்.

அம்பை மாமா: காற்று என்றதும் நினைவு வந்தது. ஆனி, ஆடியில் பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் போய்விடாதே. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஆளையே தள்ளும். காற்றாலைகள் அங்கே சும்மா நிற்கவில்லை.

நான்: அடி நூல் எவ்வளவு வேண்டும் அண்ணே?

ஸ்காட்லாந்து அண்ணன்: 20 பவுண்டு தாங்குகிற டேக்ரான் நூல், 70 மீட்டர் அளவில் போதும். மீன் அவ்வளவு தூரம் ஓடும் என்பதற்காக இல்லை. அடி நிரம்பினால்தான் மேலே லைன் பெரிய வட்டமாக உட்காரும். ஸ்பூல் விளிம்பு வரை நிரப்பாதே. விரல் பருமனில் பாதியாவது இடம் விடு, இல்லாவிட்டால் கோணலாக ஏறும்போது கூட்டில் உரசி மேல்பூச்சு போய்விடும்.

நான்: கம்பெனிப் பெயர் பார்க்க வேண்டாமா? இரண்டாவது அவ்வளவு தெரிந்த பெயர் இல்லை.

ஸ்காட்லாந்து அண்ணன்: தெரிந்த பெயர் அதே விலைக்குக் கிடைத்தால் தாராளமாக எடு. ஒகுமா எஸ்.எல்.வி., ஆர்விஸ் கிளியர்வாட்டர் இரண்டும் வார்ப்பு அலுமினியம், லார்ஜ் ஆர்பர், டிஸ்க் டிராக். ரெடிங்டன் ஜீரோவில் வெறும் கிளிக்தான், எடை மிகக் குறைவு. பிஸிஃபன் ஸ்வார்ட் கடைந்து செய்தது. லாம்சன் லிக்விட் டிராக் சீல் பண்ணியது, உவரிக்கும் தாங்கும், ஆனால் உன் கணக்குக்குள் வராது. யாராவது பழையது கொடுத்தாலும் வாங்கலாம். அது எதுவானாலும் கையில் வந்ததும் சோதிக்க வேண்டியது ஒன்றுதான்.

நான்: சொல்லுங்கள்.

ஸ்காட்லாந்து அண்ணன்: பெட்டியைப் பிரித்ததும் ஸ்பூலை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டு. லொடலொட என்று ஆடினால் அன்றைக்கே திருப்பி அனுப்பு. அப்புறம் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மெதுவாகச் சுற்று. ஸ்பூலுக்கும் கூட்டுக்கும் நடுவே தெரிகிற கோடு எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு துண்டுத் தங்கூஸை அந்த இடுக்கில் விட்டுப் பார். உள்ளே நழுவினால் முன்னுனியில் கட்டுகிற மெல்லிய நரம்பும் ஒருநாள் அங்கே போய் மாட்டும். விலை கூடிய ரீலில்கூட இதைப் பார்த்துத்தான் வாங்குவேன்.

ஸ்காட்லாந்து அண்ணன்: கடைசியாக, டிராக்கைக் கொஞ்சம் இறுக்கிவிட்டு நூலை மெதுவாக இழு. ஒரே சீராக வர வேண்டும். முதலில் பிடித்துக்கொண்டு பிறகு வெட்டி விட்டால் மெல்லிய நரம்பு அந்த வெட்டில்தான் அறும்.

நான்: நான் வலது கையால் எறிகிறேன். இடது கையால் சுற்றலாமா?

ஸ்காட்லாந்து அண்ணன்: அதுதான் வசதி, கை மாற்ற வேண்டாம். பெரும்பாலும் ஸ்பூலைக் கழற்றி உள்ளே இருக்கிற ஒருவழி பேரிங்கைப் புரட்டிப் போட்டால் பக்கம் மாறிவிடும். நூல் சுற்றுவதற்கு முன்பே செய்துவிடு. சுற்றிய பிறகு நினைவு வந்தால் எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டிவரும்.

அம்பை மாமா: எனக்கும் ஒரு நாள் எறியக் கொடுப்பாயா மாப்ளே?

நான்: முதல் எறியே உங்களுக்குத்தான் மாமா.

நான் (இரவு 7:48): இரண்டாவதையே ஆர்டர் போட்டுவிட்டேன். 5/6 அளவு (5, 6-ஆம் எண் லைனுக்கு), 148 கிராம் என்று போட்டிருக்கிறது. வியாழக்கிழமை வரும். திருப்பி அனுப்ப பத்து நாள் நேரம் இருக்கிறது.

ஸ்காட்லாந்து அண்ணன்: 9 அடி ராடுக்குச் சரியான எடை. வந்ததும் இடுக்கைப் படம் எடுத்துப் போடு, நானும் பார்க்கிறேன்.

டவுன் சித்தி: பகலில் நீ வேலைக்குப் போய்விடுவாய். என் வீட்டு முகவரியையா கொடுத்தாய்?

நான்: ஆமாம் சித்தி. வந்தால் வாங்கி வையுங்கள், பணம் கட்டியாகிவிட்டது.

டவுன் சித்தி: சரி, வாங்கி வைக்கிறேன். சாயங்காலம் வரும்போது சாப்பிட்டுவிட்டுப் போ.