சந்துக்குள் பறக்கும் ட்ரோன்: இறக்கை ஒலி தொல்லையா, இல்லையா?

தண்டையார்பேட்டைவாசி:
சென்ற ஞாயிறு எங்கள் தெருவில் நடந்த நிச்சயதார்த்தத்தைப் படமெடுக்க வந்த ட்ரோன், மூன்றாவது மாடி உயரத்தில், இருமுறை பேட்டரி மாற்றிச் சுற்றிக்கொண்டே இருந்தது. மொட்டை மாடியில் வற்றல் பிழிந்துகொண்டிருந்த என் தாயார், குளவிக் கூட்டம் வந்துவிட்டதோ என்று அஞ்சி, பாதி மாவோடு கீழே இறங்கிவிட்டார். இதற்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும்.

கல்யாண ஒளிப்பதிவாளர்:
அம்மாவுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறேன், ஐயா. ஆயினும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் லாரி ஹாரன்கள் எழுப்பும் ஒலியோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. தூரம் இருமடங்கானால் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும் என்பதால், சற்று உயரே பறந்தாலே போதுமானது.

தண்டையார்பேட்டைவாசி:
அந்தக் கணக்கு திறந்தவெளிக்குத்தான் பொருந்தும். எங்கள் சந்தில் இருபுறச் சுவர்களும் ஒலியைத் திருப்பியடிக்கின்றன. தவிர, டெசிபல் மட்டுமே அளவுகோல் அன்று. ஒரே அளவு ஒலியாக இருந்தாலும் வாகன இரைச்சலைவிட ட்ரோன் ஒலியே கூடுதல் எரிச்சலூட்டுவதாகக் கேட்டவர்கள் மதிப்பிட்டதை, நாசாவின் லாங்லி மையம் 2017இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. லாரி கடந்துபோய்விடும்; இது தலைக்கு மேலேயே நிற்கிறது.

பட்டறைக்காரன்:
ட்ரோன் பழுது பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். ஈரிதழ் இறக்கை நிமிடத்துக்கு 6,000 முறை சுழன்றால், நொடிக்கு 200 முறை காற்றை வெட்டுகிறது. அந்த அதிர்வெண்ணோடு அதன் மடங்குகளும் சேர்ந்தே காதில் விழுகின்றன. கடற்காற்றில் நிலைகொள்வதற்காக நான்கு மோட்டார்களும் தத்தம் வேகத்தை ஓயாமல் மாற்றுவதால், சுருதி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. காது அதற்குப் பழகுவதே இல்லை. இறக்கை நுனியின் வேகம் கூடக் கூட ஒலி மிகக் கடுமையாக உயரும். அகன்ற இறக்கையை மெதுவாகச் சுழற்றுவதே சரியான வழி. விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். சிறு வெட்டு தட்டுப்பட்டாலும் அந்த இறக்கையை உடனே மாற்றிவிடுங்கள்.

கல்யாண ஒளிப்பதிவாளர்:
விளிம்பைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் வாங்கிய ட்ரோனில் அகன்ற இறக்கையைப் பொருத்தினால் பக்கத்து இறக்கையோடு உரசும், மோட்டாரும் சூடேறும். மேலும், பெண் வீட்டார் வானிலிருந்து படம் வேண்டும் என்று கேட்டு முன்பணம் தரும்போது நான் எப்படி மறுப்பது?

தண்டையார்பேட்டைவாசி:
மறுக்கச் சொல்லவில்லை, தம்பி. மோதிரம் மாற்றும் ஐந்து நிமிடம் பறக்கவிடுங்கள். முதல் நாளே தெருவில் சொல்லிவிடுங்கள். வற்றலை நாங்கள் மறுநாள் பிழிந்துகொள்கிறோம்.