612-ஆ, 704-ஆ? டக்ட் அளவெடுக்க எந்த சாஃப்ட்வேர் முறை சரி?

கஞ்சிக்கோடு_எஸ்டிமேட்:
கஞ்சிக்கோட்டில் ஒரு உணவு ஆலைக்கு ஏசி டக்ட் (காற்று போகும் தகரக் குழாய்), சில்டு வாட்டர் (குளிர்நீர்) பைப் வேலைக்கு ரேட் கொடுக்கணும். ட்ராயிங் எல்லாம் பிடிஎஃப். புளூபீமில் (பிடிஎஃபில் அளவெடுக்கும் சாஃப்ட்வேர்) சென்டர் லைன் இழுத்துச் சுற்றளவால் பெருக்கினால் டக்ட் 612 ச.மீ. வருது. அதே ட்ராயிங்குக்கு கோயமுத்தூர் ஷீட் பட்டறையில் 704 என்கிறாங்க. 92 ச.மீ. எங்கே போச்சுன்னே தெரியல. பெரும்பாலும் 900×450 சைஸ், ஏஎச்யூ (காற்றைக் குளிர்வித்து டக்டுக்குள் தள்ளும் யூனிட்) 2, ரெண்டும் மொட்டை மாடியில். ரெவிட் (3டி கட்டட சாஃப்ட்வேர்) மாடல் இருக்குன்னும் சொல்றாங்க. பிடிஎஃபிலேயே இருக்கலாமா, ரெவிட்டுக்குப் போகணுமா, டக்டுக்கென்றே வரும் எஸ்டிமேட் சாஃப்ட்வேர் வாங்கணுமா?

வாளையார்_டக்ட்:
தம்பி, சாஃப்ட்வேரைப் பிறகு பார்க்கலாம். முதலில் டெண்டரில் அளவு விதி என்னன்னு படிங்க. பொதுவாக வெளிப்பரப்புக்குத்தான் பணம்: சென்டர் லைன் நீளம், ஃபிளாஞ்ச் (டக்ட் துண்டுகளை இணைக்கும் விளிம்பு) முகத்திலிருந்து ஃபிளாஞ்ச் முகம் வரை. வேஸ்டேஜ் கணக்கில் வராது. பட்டறைக்காரர் எண்ணுவது வெட்டுகிற ஷீட்டை. லாக் மடிப்பு (ஷீட் ஓரங்களைக் கோர்க்கும் மடிப்பு), டிடிஎஃப் விளிம்பு (ஷீட்டையே மடித்துச் செய்யும் ஃபிளாஞ்ச்) எல்லாம் அதில் சேரும். ரெண்டு எண்ணும் ஒன்றாக வரவே வராது.

அதுக்கு மேல் பார்க்க வேண்டியவை. ஸ்கேலை 900 மி.மீ. கதவை வச்சு கேலிப்ரேட் (தெரிந்த நீளத்தோடு ஒப்பிட்டுச் சரி) பண்ணாதீங்க. 20 மீட்டருக்கு மேல் உள்ள கிரிட் (தூண் வரிசைக் கோடு) தூரத்தை எடுங்க, கிடைக்கோட்டிலும் நிலைக்கோட்டிலும் தனித்தனியாக. ஏ1 ட்ராயிங்கை ஏ3-இல் போட்ட பிடிஎஃப் என்றால் 1:100 என்று எழுதியிருப்பது உண்மையில் 1:200.

பிளானில் மேலிருந்து கீழ் வரும் துண்டு வெறும் பெட்டியாகத் தெரியும், கோடு இழுக்க இடமே இருக்காது. செக்‌ஷன் பார்த்து அந்த உயரத்தைக் கையால் சேர்க்கணும். மாடியில் 2 ஏஎச்யூ என்றால் சப்ளை, ரிட்டர்ன் சேர்த்து 4 இறக்கம்.

அக்கூஸ்டிக் லைனிங் (சத்தம் குறைக்க டக்டுக்குள் ஒட்டுவது) இருக்கா? ட்ராயிங்கில் உள்ளது காற்று போகும் உள் அளவு என்றால், 25 மி.மீ. லைனிங் உள்ள இடத்தில் ஷீட் 950×500 ஆகிடும். சுற்றளவு 2.7-லிருந்து 2.9 மீட்டர்.

எல்போவில் (வளைவுத் துண்டில்) தப்பு எதிர்ப்பக்கம் நடக்கும். மூலை வரை நேர்க்கோடு இழுத்தால் கூடுதலாக எண்ணிடுவீங்க. சென்டர் லைன் ஆரம் அகலத்தின் ஒன்றரை மடங்கு என்றால் 1.35 மீ. மூலைக்கணக்கு 2.7 மீ., உண்மையான வளைவு 2.12 மீ. ஒரு எல்போவுக்கு 1.56 ச.மீ. அதிகம். அதே டக்ட் 450 பக்கமாக வளைந்தால் ஆரம் பாதிதான், பரப்பும் பாதிதான். எந்தப் பக்கம் வளையுதுன்னு பார்க்காமல் ஒரே எல்போ ரேட் போடாதீங்க.

சித்தூர்_பிம்:
ரெவிட் பற்றி மட்டும். டக்ட் ஷெட்யூலில் (மாடலிலிருந்து வரும் பட்டியலில்) ஏரியா நெடுவரிசை வரும், டக்ட் ஃபிட்டிங் ஷெட்யூலில் வராது. அதைக் கவனிக்காமல் மொத்தம் எடுத்தால் எல்போ, ரிடியூசர் (அளவு குறைக்கும் துண்டு), டீ (கிளை பிரியும் துண்டு) எல்லாம் விட்டுப்போகும். ஃபேப்ரிகேஷன் பார்ட்டாக (பட்டறையில் செய்கிற துண்டு துண்டாக) வரைந்திருந்தால் கதை வேறே, ஷீட் பரப்பும் எடையும் வரும். டெண்டர் கட்டத்தில் பெரும்பாலும் அப்படி வரைந்திருக்க மாட்டாங்க. டிசைன் மாடலை நீளம் சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்க. எஸ்டிமெப் மாதிரி டக்டுக்கென்றே வரும் எஸ்டிமேட் சாஃப்ட்வேர் மாதம் பல டெண்டர் போடுகிறவர்களுக்குச் சரி. ரேட், லேபர் டேபிள் எல்லாத்தையும் நம்ம ஊருக்கு நாமேதான் நிரப்பணும். இந்த ஒரு வேலைக்கு வேண்டாம்.

கஞ்சிக்கோடு_எஸ்டிமேட்:
அண்ணா, ஸ்கேல் சரிதான். விட்டது இவ்வளவு: 4 இறக்கம், ஒவ்வொன்றும் 4.2 மீ., 45.4 ச.மீ. லைனிங் உள்ள 60 மீட்டருக்கு 12. டிஃப்யூசர் காலர் (காற்று வெளிவரும் வாய்க்கு இறங்கும் குட்டி டக்ட்) 450×450, 300 உயரம், 36 எண்ணம், 19.4. எல்போ 8-க்கு 12.5 கழித்தேன். மொத்தம் 676.3. பட்டறையில் கேட்டேன், லாக்குக்கும் டிடிஎஃபுக்கும் 4 சதவீதம் சேர்த்திருக்காங்க. 703 வருது, சரியாகிடுச்சு! பைப்புக்கும் இதே வழிதானா? 100 என்பி (பெயரளவு விட்டம், மி.மீ.), எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) சி கிளாஸ், அதாவது ஹெவி.

வாளையார்_டக்ட்:
676-ஐ பிஓக்யூவில் (டெண்டர் அளவுப் பட்டியலில்) போடுங்க. 703-க்கு ஆகும் ஷீட் செலவை ரேட்டுக்குள் ஏற்றுங்க. ரெண்டையும் ஒரே நெடுவரிசையில் கலக்காதீங்க.

பைப்பில் சப்ளையும் ரிட்டர்னும் ஒட்டி ஓடும்போது ஒரு கோடு இழுத்து ரெண்டால் பெருக்குவாங்க. கடைசிக் கிளையில் அது தப்பும். நிறம் மாற்றித் தனித்தனியாக இழுங்க. எல்போவை நீளமாக எடுக்காமல் கவுண்ட் டூலில் எண்ணுங்க. 100 என்பி லாங் ரேடியஸ் எல்போ முகத்திலிருந்து மையம் 152 மி.மீ.; ரெண்டு பக்கமும் சேர்த்து 305 மி.மீ. பைப் மிச்சம். 40 எல்போ இருந்தால் 12.2 மீ., அதாவது 6 மீட்டர் பைப் ரெண்டு. ஃபிட்டிங்குக்குத் தனி ஐட்டம் இருந்தால்தான் கழிக்கணும். பைப் ரேட்டிலேயே அடக்கம் என்றால் கழிக்காதீங்க. வெல்டிங்குக்கு அந்த 40 எல்போ 80 ஜாயின்ட், 320 இன்ச் டயா (ஜாயின்ட் எண்ணிக்கை × இன்ச் விட்டம்; 100 என்பி 4 இன்ச்). வெல்டர் கூலி அதை வச்சுத்தான்.

சித்தூர்_பிம்:
ஒன்று சேர்த்துக்கறேன். சாஃப்ட்வேர் லைப்ரரியில் 100 என்பி என்று தேர்ந்தெடுத்தால் ஷெட்யூல் 40 (அமெரிக்கப் பைப் தடிமன் வகை) வந்து உட்காரும், மீட்டருக்கு 16.07 கிலோ. இந்தியத் தரமான ஐஎஸ் 1239 ஹெவி 14.4 கிலோதான். எடை வச்சு விலை போட்டால் மீட்டருக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் கூடிடும். 150 என்பியில் வெளிவிட்டமே வேறே: 168.3-க்குப் பதில் 165.1. இன்சுலேஷன் டியூப் ஆர்டர் போடும்போது அதைப் பாருங்க.

கஞ்சிக்கோடு_எஸ்டிமேட்:
லைப்ரரியில் ஷெட்யூல் 40-தான் இருந்துச்சு சார், மாற்றிட்டேன். பிடிஎஃபிலேயே முடிச்சுடறேன். ஃபிட்டிங் பரப்புக்கு மட்டும் எக்செலில் தனி ஷீட் போட்டு வச்சிருக்கேன்.