பெரிய வீட்டுச் சொந்தங்கள் குழு: யாழினிக்கு ஆறாம் வகுப்பு எங்கே?

24.05.2025, சனிக்கிழமை

முத்துக்குமார் (காலை 7:05): பெரியம்மா, ஒரு யோசனை கேட்க வேண்டும். யாழினி ஊர்ப் பள்ளியில் 5 முடித்துவிட்டாள். கோவில்பட்டியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் 6-க்கு இடம் கேட்டிருக்கிறோம். கட்டணம் 38,000, வேனுக்குத் தனியாக 14,000. திங்கட்கிழமைக்குள் 10,000 முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டிவிடலாமா?

ராஜம் பெரியம்மா (காலை 7:19): இரண்டு நாள் பொறு. 6-ஆம் வகுப்பு என்பது மற்ற வகுப்பு மாதிரி இல்லை முத்து. அரசாங்கம் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பெரிய சலுகைகள் எல்லாம் "6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்" என்றுதான் தொடங்கும். 6-இல் வெளியே போனால் பிறகு திரும்பி வந்தாலும் கணக்கில் வராது.

முத்துக்குமார் (காலை 7:21): மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறார்களே, அதையா சொல்கிறீர்கள்?

ராஜம் பெரியம்மா (காலை 7:30): அதுவும் உண்டு. புதுமைப் பெண் திட்டம், 2022 செப்டம்பரில் தொடங்கியது. கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ எதில் சேர்ந்தாலும் படித்து முடிக்கிற வரைக்கும் மாதம் 1,000. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், போன வருடம் ஆகஸ்டில் வந்தது. ஆனால் அதைவிடப் பெரியது, கல்லூரி இடங்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று வைத்திருக்கிற 7.5 சதவீத ஒதுக்கீடு. 2020-இல் மருத்துவத்துக்குச் சட்டம் போட்டார்கள். அதற்கு முந்தைய வருடம் தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளியிலிருந்து எம்பிபிஎஸ் போன பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த முதல் வருடமே 300 பேருக்கு மேல் போனார்கள். 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் எல்லாவற்றுக்கும் கொண்டுவந்தார்கள். அந்த ஒதுக்கீட்டில் சேர்கிற பிள்ளைக்குப் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசே கட்டிவிடும்.

மகேஷ் (காலை 7:48): முத்து, பெரியம்மா சொல்வதைக் கேள். நான் இந்த வாரம் அனுபவித்துவிட்டேன்.

முத்துக்குமார் (காலை 7:49): என்ன ஆச்சு அண்ணே? கார்த்தி நல்ல மார்க்தானே வாங்கியிருக்கிறான்?

மகேஷ் (காலை 7:58): 600-க்கு 531. மார்க்கில் குறை இல்லை. 2021-இல் கடையை மூடிய பிறகு பீஸ் கட்ட முடியாமல் அவனை 9-ஆம் வகுப்பில் மாநகராட்சிப் பள்ளியில் சேர்த்தேன் இல்லையா, அங்கேதான் 12 வரை படித்தான். புதன்கிழமை பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்ய உட்கார்ந்தோம். 6 எந்தப் பள்ளி, 7 எந்தப் பள்ளி, 8 எந்தப் பள்ளி என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது. அந்த மூன்று வருடம் தனியார். 7.5 கிடையாது, மாதம் ஆயிரமும் கிடையாது. அவன் ஒன்றும் சொல்லவில்லை, கம்ப்யூட்டரை மூடிவிட்டு எழுந்து போய்விட்டான். அந்த மூன்று வருடப் பீஸை வட்டிக்கு வாங்கிக் கட்டினேன் பெரியம்மா.

ராஜம் பெரியம்மா (காலை 8:03): கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு இருக்கிற 25 சதவீத இலவச ஒதுக்கீட்டில் சேர்த்த பிள்ளையா? அப்படி என்றால் 8 வரை தனியாரில் படித்திருந்தாலும், 9 முதல் 12 அரசுப் பள்ளி என்றால் ஏற்றுக்கொள்வார்கள்.

மகேஷ் (காலை 8:04): இல்லை பெரியம்மா. பணம் கட்டித்தான் சேர்த்தேன்.

ராஜம் பெரியம்மா (காலை 8:12): சரி, நடந்ததை விடு. உங்கள் வீட்டில் நீயும் படிக்கவில்லை, உன் மனைவியும் டிகிரி இல்லை, இரண்டு பக்கத் தாத்தா பாட்டியும் இல்லை. கார்த்திதான் முதல் பட்டதாரி. அந்தச் சான்றிதழுக்கு இன்றைக்கே இ-சேவை மையத்தில் எழுதிக்கொடு. கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்கும். தனியார் பள்ளியில் படித்தவனுக்கும் அது உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் மட்டும் சேர்த்துவிடாதே, அங்கே செல்லாது.

மகேஷ் (காலை 8:14): அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இப்போதே கிளம்புகிறேன்.

கலா (காலை 8:40): அத்தை, நான் ஒன்று சொல்லலாமா? தப்பாக நினைக்கக் கூடாது. சலுகை எல்லாம் 12 முடித்த பிறகு வருகிறது. அதற்கு முன்னால் ஏழு வருடம் அவள் அங்கே உட்கார்ந்து படிக்க வேண்டும். நான் அரசுப் பள்ளியில் படித்தவள்தான். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் சாயங்காலம் வரைக்கும் தண்ணீர் குடிக்க மாட்டேன். குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், அங்கே போக முடியாது. மாதத்தில் மூன்று நாள் லீவு போட்டுவிடுவேன். கணக்குப் பாடத்தில் நான் பின்தங்கியதே அப்படித்தான். என் பிள்ளைக்கு அது வேண்டாம் என்றுதான் மெட்ரிக் பள்ளியைப் பார்த்தேன். ஆங்கிலம் இரண்டாவது காரணம்தான்.

தேவி (காலை 8:44): அத்தை, எங்கள் வகுப்பிலும் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தோம்.

ராஜம் பெரியம்மா (காலை 8:59): இதில் தப்பாக நினைக்க என்ன இருக்கிறது கலா. 31 வருடம் ஆசிரியராக இருந்தேன். நீ கேட்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. ஆயிரம் ரூபாய் வரும் என்பதற்காக யாரும் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கூடாது. மூன்று கிலோமீட்டரில் இருக்கிற அரசு மேல்நிலைப் பள்ளியை நீயே போய்ப் பார். வாசலில் நின்று கேட்டுவிட்டு வராதே. கழிப்பறைக்குள் போ, குழாயைத் திறந்து பார். 6-ஆம் வகுப்புக்கு ஆங்கிலமும் கணக்கும் யார் எடுக்கிறார்கள், நிரந்தர ஆசிரியரா என்று கேள். கேட்க உனக்கு உரிமை உண்டு. பிடிக்கவில்லை என்றால் நான் மறுபேச்சு பேச மாட்டேன்.

முத்துக்குமார் (காலை 9:10): டவுனில் பெண்கள் பள்ளி ஒன்று அரசு உதவிபெறும் பள்ளி. நல்ல பெயர். அங்கே சேர்த்தால் இதெல்லாம் கிடைக்குமா?

ராஜம் பெரியம்மா (காலை 9:24): பாதி கிடைக்கும். புதுமைப் பெண் திட்டம் முதலில் அரசுப் பள்ளிக்கு மட்டும்தான் இருந்தது. போன டிசம்பர் 30-இல் நம் தூத்துக்குடியில் வைத்துத்தான் உதவிபெறும் பள்ளிக்கும் விரிவாக்கினார்கள். ஆனால் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். 7.5 உதவிபெறும் பள்ளிக்குக் கிடையாது. எனக்கு இதில் வருத்தம்தான். நம் பக்கத்தில் நூறு வருடத்துக்கு மேலாக ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிற உதவிபெறும் பள்ளிகள் எத்தனை! அங்கே படிக்கிறதும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைதான். இன்னொன்று, அங்கேயே ஆங்கில வழி என்று சேர்த்தால் பல இடங்களில் அது அரசு உதவி இல்லாமல் கட்டணம் வாங்கி நடத்துகிற சுயநிதிப் பிரிவாக இருக்கும். ரசீதைப் பார்க்காமல் சேர்க்காதே. அரசுப் பள்ளி என்றால் ஆங்கில வழியில் படித்தாலும் இரண்டு சலுகையும் உண்டு.

தேவி (காலை 9:31): 8-இல் என்எம்எம்எஸ் என்று மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வும் உண்டு அத்தை. அது அரசுப் பள்ளிக்கும் உதவிபெறும் பள்ளிக்கும் உண்டு, மெட்ரிக் பள்ளிக்குக் கிடையாது. தேறினால் 9 முதல் 12 வரை வருடம் 12,000. எனக்கு இரண்டு மார்க்கில் போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழிக்குக் கிடைத்தது, அந்தப் பணத்தில்தான் அவள் டியூஷன் போனாள்.

கலா (காலை 9:33): உனக்கு மாதாமாதம் ஆயிரம் ஒழுங்காக வருகிறதா தேவி?

தேவி (காலை 9:47): இப்போது வருகிறது அத்தை. முதல் வருடம் செப்டம்பர் முதல் ஜனவரி வரை ஒரு ரூபாய்கூட வரவில்லை. வங்கியில் கேட்டால் ஆதார் இணைத்தாயிற்று என்கிறார்கள், கல்லூரியில் கேட்டால் எங்கள் பக்கம் சரி என்கிறார்கள். கடைசியில் பார்த்தால் பணம் வேறு கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. பள்ளியில் படிக்கும்போது உதவித்தொகைக்காக ஒரு கணக்குத் தொடங்கினார்களே, அது. கணக்கில் ஆதார் எண் பதிந்திருந்தால் மட்டும் போதாது. அரசுப் பணம் எந்தக் கணக்குக்கு வர வேண்டும் என்று தனியாக ஒரு இணைப்பு இருக்கிறது, சீடிங் என்பார்கள். கடைசியாக எந்த வங்கியில் அதைச் செய்தோமோ அங்கேதான் பணம் விழும். ஆதார் இணையதளத்தில் நம் எண்ணைப் போட்டால் எந்த வங்கி என்று காட்டிவிடும். யாழினிக்கு இப்போதே ஒரே கணக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

சண்முகம் சித்தப்பா (காலை 10:15): மதினி, நடுவில் ஒன்று. பேரனுக்கு எல்கேஜி 25 சதவீத ஒதுக்கீட்டில் போடலாம் என்று ஏப்ரலிலிருந்து பார்க்கிறேன். இந்த வருடம் அறிவிப்பே வரவில்லையே?

ராஜம் பெரியம்மா (காலை 10:33): இன்னும் வரவில்லை தம்பி. அந்தப் பிள்ளைகளுக்கான கட்டணத்தைத் தனியார் பள்ளிகளுக்கு அரசு திருப்பிக் கொடுக்க வேண்டும். அதில் மத்திய அரசின் பங்கு சமக்ர சிக்ஷா என்கிற பள்ளிக் கல்வித் திட்ட நிதியில் வருகிறது. அந்தத் திட்டத்தில் மத்திய அரசு 60, மாநிலம் 40. 2024-25-க்கு நமக்கு வர வேண்டிய 2,152 கோடியைக் கொடுக்கவில்லை. பிஎம் ஸ்ரீ என்கிற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு தேசியக் கல்விக் கொள்கையை ஏற்க வேண்டும் என்கிறது மத்திய அரசு. அந்தக் கொள்கையில் இருக்கிற மும்மொழியை ஏற்க முடியாது, 1968 முதல் இருமொழிதான் என்கிறது தமிழ்நாடு. இந்த வாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள், வட்டியோடு சேர்த்து 2,291 கோடி கேட்டு.

சண்முகம் சித்தப்பா (காலை 10:36): அவர்கள் சண்டையில் மூன்று வயதுப் பிள்ளை என்ன செய்யும்? வரி நாமும்தானே கட்டுகிறோம்.

முத்துக்குமார் (காலை 10:38): பணமே வரவில்லை என்றால் அரசுப் பள்ளியே எப்படி நடக்கும் பெரியம்மா? இதில் கொண்டுபோய் யாழினியைச் சேர்க்கச் சொல்கிறீர்களே.

ராஜம் பெரியம்மா (காலை 10:58): நிரந்தர ஆசிரியர்களில் பெரும்பாலானவர்களுக்கு மாநில அரசு சம்பளம். அது நிற்காது. சமக்ர சிக்ஷா பணம் வராவிட்டால் அடிபடுவது வேறு இடம். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பு ஆசிரியர்கள், ஓவியம், உடற்கல்வி சொல்லித் தருகிற பகுதிநேர ஆசிரியர்கள், பள்ளி மானியம். என் பள்ளியில் 64 பிள்ளைகள். 31 முதல் 100 வரை பிள்ளைகள் இருந்தால் வருடத்துக்கு 25,000. சாக்பீஸ், குழாய் வாஷர், ஃபேன் பழுது, பினாயில், எல்லாம் அதில்தான். ஒரு வருடம் அது பிப்ரவரியில் வந்து சேர்ந்தது. அதுவரை நானும் உதவி ஆசிரியையும் கைக்காசு போட்டோம். கலா சொன்ன கழிப்பறை இருக்கிறதே, அது சுத்தமாக இருப்பதும் இல்லாததும் இந்தப் பணம் எந்த மாதம் வருகிறது என்பதைப் பொறுத்தது. டெல்லியில் ஒரு கையெழுத்து நின்றால் இங்கே ஒரு பெண் பிள்ளை தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

கலா (காலை 11:02): திங்கட்கிழமை நானே போகிறேன் அத்தை. அவரையும் முன்பணம் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

26.05.2025, திங்கட்கிழமை

கலா (பகல் 12:50): பார்த்துவிட்டு வந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கு ஏழு கழிப்பறை. ஐந்தில் தண்ணீர் வருகிறது, தாழ்ப்பாள் இருக்கிறது, உள்ளே போய்ப் பார்த்தேன். இரண்டு பூட்டிக் கிடக்கிறது. ஏன் என்று கேட்டேன். குழாய் உடைந்திருக்கிறது, பணம் வந்ததும் மாற்றுவோம் என்றார் தலைமையாசிரியை. மழுப்பவில்லை. 6-இல் ஆங்கில வழி ஒரு பிரிவு இருக்கிறது, போன வருடம் 31 பிள்ளைகள். ஆங்கில ஆசிரியை நிரந்தரம். கணக்கு ஆசிரியர் மாறுதலில் போய்விட்டார், அந்த இடம் காலி. பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக ஒருவரைப் போட்டிருக்கிறார்கள். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

ராஜம் பெரியம்மா (பகல் 1:05): உறுத்த வேண்டியதுதான். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. காலியிடம், பூட்டிய கழிப்பறை இரண்டையும் கூட்டத்தில் எழுத்தில் கொடுத்துத் தீர்மானமாகப் போடச் சொல். வாயால் சொன்னால் காற்றோடு போகும். கணக்குக்கு விடுமுறையில் நான் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். 6-ஆம் வகுப்புக் கணக்கு எனக்கு வரும்.

முத்துக்குமார் (பகல் 1:09): கலா, முடிவு உன்னுடையதுதான்.

கலா (பகல் 1:31): யாழினியைக் கூட்டிக்கொண்டுதான் போனேன். நூலகத்தைத் திறந்து காட்டினார்கள், வரவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். சேர்த்துவிட்டேன். ஊர்ப் பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிக் கொடுக்க வேண்டும், பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் தருகிற எமிஸ் எண் பழையதேதான் என்றார்கள். கூட்டம் எப்போது என்று கேட்டு என் நம்பரையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

மகேஷ் (பகல் 1:40): நல்லது கலா. இங்கே கார்த்திக்கு முதல் பட்டதாரிச் சான்றுக்கு எழுதிக்கொடுத்தாயிற்று பெரியம்மா. ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு அவனே தினமும் பார்க்கிறான்.

சண்முகம் சித்தப்பா (பகல் 1:44): 25 சதவீத அறிவிப்பு வந்தால் யாராவது உடனே இங்கே போடுங்கள்.

தேவி (பகல் 1:45): நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன் தாத்தா.

கலா (பகல் 1:52): அத்தை, யாழினி ஒன்று கேட்கிறாள். ஊர்ப் பள்ளியில் காலையில் பொங்கல், உப்புமா தந்தார்களே, இங்கேயும் உண்டா என்று.

ராஜம் பெரியம்மா (பகல் 1:55): காலை உணவு 5 வரைக்கும்தான். மதியச் சத்துணவு உண்டு. காலையில் வீட்டில் சாப்பிட வைத்து அனுப்பு. பேருந்து எத்தனை மணிக்கு?

கலா (பகல் 1:57): 7:50. ஆறு மணிக்கே அடுப்பு பற்றவைத்துவிடுவேன். தண்ணீர் பாட்டிலும் பெரியதாக ஒன்று வாங்கியாயிற்று.