ஹோஷங்காபாத் அறிவியல் திட்டம்: புத்தகத்தைத் திறந்து வைத்தே பரீட்சையா?

பி.எட். இரண்டாம் ஆண்டு:
மாற்று அறிவியல் கல்வி பற்றி ஒப்படைப்பு எழுதுகிறேன். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் திட்டத்தில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை புத்தகம் பார்த்தே பரீட்சை எழுதலாம் என்று இருந்ததாம். அப்படியென்றால் எல்லோரும் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பார்களே? அதில் படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

இட்டார்சிக்காரன்:
நான் இருக்கேன்மா. அப்பாவுக்கு ரயில்வே வேலை, அந்த மாவட்டத்து இட்டார்சிக்கு மாற்றல். 1985இல் ஆறாம் வகுப்பில் சேர்த்தபோது எனக்குத் தெரிந்த இந்தி 'பானி' ஒன்றுதான். மற்ற பாடங்களில் முழி பிதுங்கியது. அறிவியலில் மட்டும் பிழைத்தேன்.

காரணம் அந்தத் திட்டத்தின் புத்தகம், 'பால் வைஞானிக்' (குழந்தை விஞ்ஞானி). அதில் பதிலே இருக்காது. இதைச் செய், என்ன பார்த்தாய், ஏன் அப்படி என்று கேள்வியாகவே போகும். நாலு பேருக்கு ஒரு குழு. பூவைப் பிரிக்க ஊசி கிடையாது, கருவேல முள்தான். பார்த்ததை என் ஓட்டை இந்தியில் எழுதுவேன். சார் இலக்கணம் பார்க்க மாட்டார், "உனக்கு ஏழு இதழ், அவனுக்கு ஆறு, எப்படி?" என்றுதான் கேட்பார். திரும்ப எண்ணுவோம்.

பரீட்சைக்குப் புத்தகம், நோட்டு எல்லாம் கொண்டுபோகலாம். பதில் இருந்தால்தானே காப்பியடிக்க! செய்முறைத் தேர்வு வேறு உண்டு.

சவாலிராம் என்று ஒரு கற்பனை ஆசாமிக்குக் கடிதம் போடலாம். (இந்தியில் சவால் என்றால் கேள்வி, நம்ம ஊர்ச் சவால் இல்லை.) பல்லி ஏன் கீழே விழுவதில்லை என்று எழுதினேன். பதில் வந்தது. எனக்கென்று வந்த முதல் தபால் அது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
ஒப்படைப்புக்குத் தேவையான வரலாறு: 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடக்கம். முன்னெடுத்தவை கிஷோர் பாரதி, ரசூலியாவின் ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு தன்னார்வ அமைப்புகள். அனில் சத்கோபால் முக்கியமானவர். டெல்லி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் கிராமத்து வாத்தியார்களோடு உட்கார்ந்து பாடம் எழுதினார்கள். 1978இல் மாவட்டம் முழுக்கப் பரவியது. 1982இல் ஏகலவ்யா அமைப்பு உருவாகிப் பொறுப்பேற்றது. தீக்குச்சி, சைக்கிள் வால்வு ட்யூப் பொம்மைகளால் பெயர்பெற்ற அரவிந்த் குப்தாவும் இந்தத் திட்டத்தில் வேலை பார்த்தவர்தான். 2002இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்திவிட்டது. மாவட்டத்தின் பெயர் இப்போது நர்மதாபுரம், தேடும்போது இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

பி.எட். இரண்டாம் ஆண்டு:
நன்றி ஐயா. அண்ணா, எட்டாவது முடித்த பிறகு என்ன செய்தீர்கள்?

இட்டார்சிக்காரன்:
அங்கேதான் மாட்டிக்கிட்டேன். ஒன்பதாம் வகுப்பில் பழைய பாணிப் புத்தகம், மனப்பாடம். முப்பது வருஷம் ஓடிய திட்டம் உயர்நிலைப் பள்ளி வாசலைத் தாண்டாததுதான் என் ஆதங்கம். முதல் பரிசோதனையில் தெர்மாமீட்டர் காட்டியதை அப்படியே எழுதினேன், தண்ணீர் 98 டிகிரியில் கொதித்தது என்று. சார் அதைச் சிவப்பில் அடித்து 100 என்று போட்டார். தெர்மாமீட்டரை அவர் பார்க்கவே இல்லை.