அப்பா ஜூனில் ரிட்டயர்டு ஆகிறார், எஸ்.ஆரில் (பணிப்பதிவேட்டில்) இரண்டு வருஷம் காணோம்

ஓசூர் மகள்:
அப்பா 1993-ல் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவர், இப்போது எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு உதவி ஆய்வாளர்), ஜூனில் 60 முடிகிறது. பென்ஷன் ஃபைல் அனுப்பும் முன் எஸ்.ஆரைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தால் 1999, 2000 இரண்டுக்கும் வேலை பார்த்ததை உறுதி செய்யும் பணிச் சரிபார்ப்புப் பதிவே இல்லை, அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகவில்லை, எல்லாம் தருமபுரிதான். பென்ஷன் குறையுமா? அப்பா வாய் திறந்து யாரையும் கேட்க மாட்டார், அதனால் நான் கேட்கிறேன்.

பென்னாகரம் ஓய்வு எஸ்.எஸ்.ஐ.:
பயப்படாதேம்மா. முழுப் பென்ஷனுக்கு 30 வருஷம் போதும், அப்பாவுக்கு 33 ஆகிறது, இரண்டு போனாலும் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி வந்துவிடும். ரிட்டயர்டு ஆகும்போது மொத்தமாகத் தரும் பணிக்கொடையில்தான் அடி. வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம், அகவிலைப்படியோடு சேர்த்து, 33 வருஷம் வரை கணக்கு, ஆக இரண்டு வருஷம் விடுபட்டால் ஒரு மாதச் சம்பளம் போச்சு. அதைவிடப் பெரிய தொல்லை, இந்த மாதிரிக் குறை இருந்தால் ஃபைல் சென்னையிலிருந்து திரும்பி வரும். எனக்கு ஒரே ஒரு விடுப்பு எஸ்.ஆரில் ஏறாமல் போய், ரிட்டயர்டு ஆகி ஏழு மாதம் கழித்துத்தான் பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் ஆணை) கைக்கு வந்தது, அதுவரை மகள் காலேஜ் ஃபீஸை வட்டிக்கு வாங்கிக் கட்டினேன். பழைய சம்பளப் பட்டியலைப் பார்த்துப் பதிவு போடச் சொல்லி அப்பா கையெழுத்திலேயே மனு கொடுக்கட்டும், நகலில் சீல் வாங்காமல் வர வேண்டாம். அந்த வருஷத்து ஜி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்குச் சீட்டு வீட்டில் இருந்தால் எடுத்து வை, சம்பளத்தில் பிடித்தம் நடந்ததற்கு அதுவே சாட்சி.

தீயணைப்பு வீட்டுக்காரி:
தங்கச்சி, அம்மா பெயரையும் பிறந்த தேதியையும் சேர்த்துப் பாருங்கள். என் வீட்டுக்காரர் எஸ்.ஆரில் என் பெயர் வேறு எழுத்தில் இருந்தது, ஆதாரில் வேறு. நாளைக்குக் குடும்ப ஓய்வூதியம் என்று போய் நிற்கும்போது அதைத் திருத்த அவர் இருக்க மாட்டார் இல்லையா, உயிரோடு இருக்கும்போதே சரி செய்துவிட்டோம்.

தொப்பூர் ரோடு:
நான் ஆம்புலன்ஸில் ஒப்பந்த வேலை. கணவாயில் லாரி கவிழ்ந்தால் போலீஸ், தீயணைப்பு, நாங்கள் மூன்று பேரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறோம். ஆனால் எங்களுக்கு பி.எஃப். பென்ஷன் மட்டும், 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பில் 15 வருஷ வேலைக்கு மாதம் 3,214 ரூபாய். உங்கள் அப்பாவுக்கு உரிமையுள்ளதில் ஒரு ரூபாயும் விடாதீர்கள் அக்கா.

ஓசூர் மகள்:
எல்லோருக்கும் நன்றி. பீரோவில் 1999-2000 சீட்டு கிடைத்துவிட்டது, அடுத்த வருஷத்தது இன்னும் தேடுகிறேன். மனுவை அப்பா இப்போதுதான் எழுதுகிறார்.